கொள்ளைநோய்க் காலத்தில் வீடு தேடி வந்தவர்கள்

ஜூபிலி என்பது வந்த வழியைத் திரும்பிப் பார்க்கும் நாள். கடலூர், சிதம்பரம் பகுதி மக்களாகிய நாம் கடலையும் காற்றையும் மறப்பதில்லை. 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை வந்தது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தது. அவ்விரு வேளைகளிலும் கதவுகளைத் திறந்து ஒருவரையொருவர் தாங்கினோம். 2020-ல் வந்த கொரோனாவோ கதவுகளை அடைக்கச் சொல்லிற்று. அடைத்த கதவைத் தட்டி உள்ளே வந்தவர்களின் வரலாற்றை இம்மலரில் பதிந்து வைப்பது நம் கடமை.

கொள்ளைநோய் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1896-ல் பம்பாயில் பிளேக் பரவ, மறு ஆண்டே கொள்ளைநோய்ச் சட்டம் பிறந்தது. 1918-ல் இன்புளூயன்சா இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோரை வாரிக்கொண்டு போயிற்று. அந்நாளில் பெரும்பாலோர்க்கு மருத்துவமனை எட்டாக்கனி. தாயும் மனைவியும் மகளுமே தாதியர். நோயாளியைக் கவனித்தவளே அடுத்த பாயில் படுத்தாள்.

நூறாண்டு கழித்து நிலைமை எவ்வாறு இருந்தது? கோயம்பேடு சந்தையில் உழைத்த நம் மாவட்டத்தார் பலர் 2020 மே தொடக்கத்தில் ஊர் திரும்பினர். மே 4-ஆம் நாள் மாநிலத்தில் 527 பேருக்கு நோய் காணப்பட்டது. அவர்களுள் 122 பேர் கடலூர் மாவட்டத்தார். சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவமனையிலும் கொரோனா நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். இன்று அது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக விளங்குகிறது.

ஆனால் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பக்கவாதமும் ஊரடங்கைக் கண்டு ஒதுங்கி நிற்கவில்லை. படுத்த படுக்கையாய் இருந்த முதியோரைக் கவனிக்க யாரேனும் வந்தே ஆகவேண்டும். கிராம சுகாதார செவிலியர் வந்தனர். வீட்டாரே சம்பளம் பேசி அமர்த்திய தாதியரும் வந்தனர். மருத்துவமனையில் தனி வார்டு உண்டு, கவச உடை உண்டு. வீட்டிலோ ஒரே அறை, சாத்திய சன்னல். நோயாளியைக் குளிப்பாட்டவும் புரட்டிப் படுக்கவைக்கவும் ஆறடி தள்ளி நின்று முடியுமா? வீட்டாரின் நோய் தாதிக்கு வரும். பல வீடு செல்லும் தாதியால் நோயாளிக்கும் வரும். அவர் வராவிட்டாலோ இன்சுலின் தவறும், படுக்கைப் புண் பெருகும். வந்தாலும் ஆபத்து, வராவிட்டாலும் ஆபத்து!

அரசு சும்மா இருந்ததில்லை. மருத்துவப் பணியாளரைத் தாக்குவோர்க்குச் சிறைத்தண்டனை விதிக்கும்படி 1897-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஏப்ரலில் அவசரச் சட்டத்தால் திருத்தப்பட்டது. கொரோனாப் பணியில் உயிரிழந்தால் 50 லட்ச ரூபாய் காப்பீடு என்றும் அறிவிக்கப்பட்டது. ஆயினும் அது அப்பணியில் ஈடுபடுத்தப்பட்டோருக்கே. நம் வீட்டு முதியோரைத் துடைத்துவிட்ட தாதி அந்தக் கணக்கில் வரவில்லை. தடுப்பூசி 2021 ஜனவரி 16-ல் தொடங்கிற்று. படுக்கையில் கிடப்போர்க்கு வீட்டிலேயே ஊசி போட மத்திய அரசு நாடெங்கும் வழி செய்தது அவ்வாண்டு செப்டம்பரில்தான்.

நன்மையும் விளைந்தது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிற்று. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் மாத்திரைகளோடு நம் வாசலுக்கே வரலாயினர். நோயாளி இருக்குமிடத்துக்கு மருத்துவம் செல்லவேண்டும் என்பதைக் கொள்ளைநோய் நமக்கு உணர்த்திற்று எனலாம்.

அன்பார்ந்த பங்கு மக்களே! நோயாளியைச் சந்திப்பது இரக்கச் செயல் என்று சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் கற்றோம். நமக்காக அச்செயலைச் செய்ய வருபவரைக் காப்பதும் இரக்கச் செயலே. இனியொரு கொள்ளைநோய் வருமாயின், வீட்டில் காய்ச்சல் இருந்தால் அவரிடம் மறைக்காதிருப்போம். சன்னலைத் திறந்து வைப்போம், முகக்கவசம் அணிவோம், கை கழுவ நீரும் சோப்பும் வாசலிலேயே வைப்போம். அவரே நோயுற்று வரமுடியாத நாட்களுக்கும் சம்பளத்தைப் பிடிக்காமல் கொடுப்போம். கூலி போய்விடுமோ என்ற அச்சமே காய்ச்சலோடும் ஒருவரை வேலைக்கு வரச் செய்கிறது. தாதி நலமாயிருந்தால்தான் நோயாளி நலமாயிருப்பார். பெயர் அறியப்படாத அத்தொண்டர்களை இந்த ஜூபிலி நாளில் நன்றியோடு நினைவுகூர்வோமாக.