தலைகீழாய்ச் சுற்றும் கோள்கள்



ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில், பெரட்டுக்குக் கிளம்பும் விடியற்காலையில் வானம் மேகமில்லாமல் இருந்தால், வடக்கே சற்று அண்ணாந்து பாருங்கள். அங்கே நடுத்தர ஒளியுடன் ஒரு விண்மீன் இருக்கும். அதற்கு அரபு மக்கள் வைத்த பெயர் அல்கோல். பேயின் தலை என்று பொருள். 2 நாள், 20 மணி, 49 நிமிடத்துக்கு ஒரு முறை அதன் ஒளி மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து, சில மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இந்தக் கண்சிமிட்டலில் தொடங்கிய ஓர் ஆராய்ச்சிதான், இன்று பிற சூரியன்களைச் சுற்றும் கோள்களின் பாதை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளந்து சொல்கிறது.

இங்கிலாந்தின் யோர்க் நகரில் ஜோன் குட்ரிக் என்ற இளைஞர் வாழ்ந்தார். குழந்தைப் பருவத்திலேயே செவிப்புலனை இழந்தவர். 1782-ஆம் ஆண்டில், 18 வயதில், அல்கோலை இரவு இரவாகக் கவனித்து, ஒளி குறையும் காலக்கணக்கைக் கண்டுபிடித்தார். இருண்ட ஏதோ ஒரு பொருள் அதைச் சுற்றிவந்து மறைக்கிறது போலும் என்று எழுதினார். லண்டன் ராயல் சங்கம் 1783-இல் அவருக்குத் தன் பதக்கத்தை வழங்கியது. 1786-இல், 21 வயதில், அவர் மறைந்தார். அவர் ஊகம் சரி என்று 1889-இல் ஜெர்மனியில் வோகல் என்பவர் நிரூபித்தார். மறைக்கும் பொருள் மங்கலான இன்னொரு விண்மீன்.

இனி, அளக்கும் வழியைப் பார்ப்போம். பால் ஏற்றிய லோரி ஹாரன் அடித்துக்கொண்டே நம்மைக் கடந்து போகும்போது, கிட்டே வரும்வரை ஒலி கீச்சென்றும், தாண்டிப் போனதும் தணிந்தும் கேட்கும் அல்லவா? ஒளிக்கும் இது பொருந்தும் என்று 1842-இல் டாப்ளர் என்னும் ஆஸ்திரிய நாட்டு அறிஞர் சொன்னார். நம்மை நோக்கி வரும் பொருளின் ஒளி கொஞ்சம் நீலப் பக்கமும், விலகிப் போகும் பொருளின் ஒளி கொஞ்சம் சிவப்புப் பக்கமும் நகரும்.

விண்மீன் தன்னைத்தானே சுற்றுகிறது. ஆகவே அதன் ஒரு பாதி நம்மை நோக்கி வருகிறது; மறு பாதி விலகிப் போகிறது. திருவிழாவில் சுழலும் ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நம்மை நோக்கி வரும் பக்கத்தில் நீல விளக்கும், விலகிப் போகும் பக்கத்தில் சிவப்பு விளக்கும் எரிகின்றன என்று வையுங்கள். தூரத்திலிருந்து பார்க்க இரண்டும் கலந்தே தெரியும். அதற்கு முன்னால் ஒரு பையன் நடந்து போகிறான். நீல விளக்குகளை அவன் மறைக்கும்போது சிவப்பு மிஞ்சும். சிவப்பை மறைக்கும்போது நீலம் மிஞ்சும். எது முதலில் மிஞ்சுகிறது என்று பார்த்தாலே, பையன் ராட்டினம் சுழலும் திசையில் போகிறானா, எதிராகப் போகிறானா என்று சொல்லிவிடலாம். பையனின் முகமே தெரிய வேண்டியதில்லை.

இது நடக்கும் என்று 1893-இலேயே ஹோல்ட் என்பவர் எழுதிவிட்டார். தெளிவாக அளந்து காட்டியவர்கள் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்து இளம் ஆய்வாளர்கள் இருவர். 1924-இல் ரிச்சர்ட் ரோசிட்டர், பீட்டா லைரே என்னும் இரட்டை விண்மீனிலும், டீன் மெக்லாக்லின் நமது பழைய அல்கோலிலும் இதை அளந்தார்கள். இன்றும் இந்த விளைவுக்கு இருவர் பெயரும் சேர்ந்தே வழங்குகிறது.

ரோசிட்டரின் பிற்கால வாழ்வு சொல்லத்தக்கது. 1926-இல் தென்னாப்பிரிக்காவில் ஒரு வானாய்வகம் அமைக்கத் தம் பேராசிரியர் ஹஸ்ஸியுடன் புறப்பட்டார். வழியில் லண்டனில் பேராசிரியர் இறந்துவிட்டார். ரோசிட்டர் திரும்பவில்லை. பிளூம்ஃபொன்டெய்ன் நகரில் ஆய்வகத்தை அமைத்து, கால் நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே இருந்து, ஆயிரக்கணக்கான இரட்டை விண்மீன்களைக் கண்டுபிடித்தார். 1924-இல் தாம் செய்த வேலை ஒரு நாள் கோள்களின் திசையைக் காட்டும் என்று அவர் எண்ணியிருக்க வழியில்லை. பிற சூரியன்களுக்குக் கோள்கள் உண்டு என்பதே அன்று நிரூபணமாகவில்லை.

கோளின் பாதைச் சாய்வை ஏன் அளக்க வேண்டும் என்று கேட்கலாம். 1755-இல் கான்ட், 1796-இல் லாப்லாஸ் ஆகிய இருவரும் ஒரே கருத்தைச் சொன்னார்கள்: சுழலும் வாயு மேகம் தட்டையான தட்டாகி, நடுவில் சூரியனும் தட்டில் கோள்களும் உண்டாயின. அப்படியானால் எல்லாம் ஒரே பக்கம், ஒரே தளத்தில் சுற்ற வேண்டும். நம் வீட்டில் இது சரியாகவே இருக்கிறது. பியர் ஆலைக்காரரின் மகனான காரிங்டன் என்னும் ஆங்கிலேயர், சூரியப் புள்ளிகளை ஆண்டுக்கணக்கில் வரைந்து, சூரியனின் அச்சு பூமியின் பாதைக்கு 7 பாகையளவே சாய்ந்திருப்பதாக 1863-இல் வெளியிட்டார். எனவே எல்லாக் குடும்பங்களும் இப்படித்தான் இருக்கும் என்று அறிஞர்கள் நம்பியதில் வியப்பில்லை. ஒரே வீட்டைப் பார்த்துவிட்டு ஊரையே அளந்த கதை அது.

1995-இல் சுவிட்சர்லாந்தின் மேயரும் கெலோவும் நம் சூரியனைப் போன்ற ஒரு விண்மீனைச் சுற்றும் முதல் கோளைக் கண்டார்கள். 1999-இல் எச்.டி. 209458 என்னும் விண்மீனின் முன்னால் ஒரு கோள் கடந்து போவது தெரிந்தது. அது மறைப்பது விண்மீன் ஒளியில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்குதான். 2000-ஆம் ஆண்டில் கெலோவின் குழுவினர் தென் பிரான்சிலிருந்து ரோசிட்டர் முறையை அதன்மேல் பயன்படுத்தினார்கள். கிடைத்த வேறுபாடு விநாடிக்கு 40 மீட்டர் அளவு. நெடுஞ்சாலையில் மிக வேகமாகப் பறக்கும் காரின் வேகம், அவ்வளவே! கோள் விண்மீன் சுழலும் திசையிலேயே சுற்றியது. பிறகு அளந்த சிலவும் அப்படியே இருந்தன. பழைய நம்பிக்கை பிழைத்துக்கொண்டது.

2008-இல் முதல் விரிசல். எக்ஸ்.ஓ. 3 என்னும் விண்மீனின் கோள் 70 பாகை சாய்ந்திருப்பதாக ஒரு குழு அறிவித்தது. விண்மீன் அடிவானத்துக்கு இறங்கும் வேளையில் எடுத்த அளவு என்பதால் அவர்களுக்கே ஐயம் இருந்தது. மறு ஆண்டு ஹவாயிலிருந்து வின் என்பவரின் குழு அளந்து, 37 பாகை என்று திருத்தியது. எண் மாறியது, சாய்வு நின்றது. அதே 2009-இல் வாஸ்ப் 17 என்னும் கோள் தன் விண்மீனின் சுழற்சிக்கு எதிராகவே ஓடுவது தெரிந்தது. அந்தக் கோளை முதலில் கண்ட கேமராக்கள் இருந்த இடமும் தென்னாப்பிரிக்காதான். 2010 ஏப்ரலில் 27 கோள்களின் கணக்கு வெளியானது: பாதிக்கு மேல் சாய்ந்தவை, ஆறு தலைகீழ்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். இம்முறையில் கிடைப்பது நம் கண்ணுக்கு நேரே தெரியும் சாய்வு மட்டுமே. பாதையில் நின்று பார்த்தால் ஒரு பால்மரம் இடமோ வலமோ சாய்ந்தது தெரியும். நம் பக்கமாக எவ்வளவு சாய்ந்தது என்று தெரியாது. அது போலத்தான். உண்மைச் சாய்வைக் காண விண்மீனின் சுழற்சி வேகம் முதலிய வேறு கணக்குகளும் வேண்டும்.

காரணம் என்ன? தொலைவில் இருக்கும் இன்னொரு விண்மீனோ பெருங்கோளோ மெல்ல மெல்ல இழுத்து, பாதையைக் குடைசாய்த்துவிடலாம். இந்தக் கணக்கை 1960-களின் தொடக்கத்தில் சோவியத் நாட்டின் லிடோவும் ஜப்பானின் கோசாயும் தனித்தனியே செய்து வைத்திருந்தார்கள். ஒருவர் செயற்கைத் துணைக்கோள்களுக்காக, மற்றவர் சிறுகோள்களுக்காக. மேற்பரப்பு வெப்பம் 6,000 டிகிரி செல்சியசைத் தாண்டிய விண்மீன்களை ஒட்டிச் சுற்றும் பெருங்கோள்களே பெரிதும் சாய்ந்திருக்கின்றன என்பதும் 2010-இல் தெரியவந்தது. குளிர்ந்த விண்மீன்கள், தம் அருகிலுள்ள கோளோடு ஏற்படும் இழுபறியால், காலப்போக்கில் நேராகிவிடுகின்றன என்பது பலர் கருத்து.

ஆனால் 2021-இல் வந்த செய்தி இந்த விளக்கத்துக்குள் அடங்கவில்லை. கே-2-290 என்னும் விண்மீனை இரண்டு கோள்கள் ஒரே தளத்தில், அண்ணன் தம்பி போல ஒழுங்காகச் சுற்றுகின்றன. விண்மீன் மட்டும் அவற்றுக்கு எதிர்ப்பக்கமாகச் சுழல்கிறது. அங்கே கோள்கள் தடம் புரளவில்லை. அவை பிறந்த தட்டையே அருகிலுள்ள துணை விண்மீன் கவிழ்த்திருக்க வேண்டும் என்று கண்டவர்கள் எழுதினார்கள். நம் சூரியனின் அந்த 7 பாகை எப்படி வந்தது என்பதற்கு மட்டும் இன்னும் எல்லோரும் ஒப்புக்கொண்ட பதில் இல்லை.