பூனைக்காலி விதை முதல் இரத்தப் பரிசோதனை வரை

வேலியோரங்களில் படரும் பூனைக்காலிக் கொடியைப் பலர் பார்த்திருப்பார்கள். அதன் காயில் உள்ள சுணை பட்டால் உடம்பெல்லாம் அரிக்கும். சித்த மருத்துவர்கள் இதன் விதையை மருந்தாகப் பயன்படுத்துகிறார்கள். இந்த விதை பார்கின்சன் நோயின் வரலாற்றிலும் இடம்பெற்றுள்ளது. அதில் சென்னைக்கும் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

1937ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் எம். தாமோதரன், ஆர். ராமசாமி ஆகிய இருவரும் பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோபா என்ற அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தனர். இந்த ஆய்வு இங்கிலாந்தின் 'பயோகெமிக்கல் ஜர்னல்' இதழில் வெளியானது. 1913இல் குகன்ஹைம் என்பவர் ஓர் அவரை வகையிலிருந்து இதே பொருளைப் பிரித்திருந்தார். ஆனால் இது எந்த நோய்க்கு மருந்து என்று அன்று யாருக்கும் தெரியாது!

நோய் மட்டும் முன்பே தெரிந்திருந்தது. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்கின்சன் 1817இலேயே அதைப் பற்றி எழுதிவிட்டார். 1960இல்தான் எரிங்கர், ஹோர்னிகிவிச் ஆகிய இருவரும் வியன்னாவில் இறந்த நோயாளிகளின் மூளையை ஆராய்ந்து, அதில் டோபமின் குறைந்திருப்பதைக் கண்டனர். டோபமினை மருந்தாகக் கொடுத்தால் அது மூளைக்குள் நுழையாது. எல்-டோபா நுழையும், உள்ளே போய் டோபமினாக மாறும். 1967இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் இதை வாய்வழியாக அதிக அளவில் கொடுத்து நல்ல பலன் கண்டார்.

மருந்து கிடைத்துவிட்டது. நோயைக் கண்டுபிடிப்பது எப்படி? இன்றும் மருத்துவர் முக்கியமாக நடுக்கம், தசை விறைப்பு, மந்தமான அசைவு ஆகியவற்றைப் பார்த்தே முடிவு செய்கிறார். மயிலாப்பூர் மாடவீதியில் கை நடுங்க நடக்கும் பெரியவரைப் பார்த்து "வயசாயிடுச்சு" என்று சொல்லிவிடுவது எளிது. எல்லா நடுக்கமும் பார்கின்சன் அல்ல; நடுக்கமே இல்லாத பார்கின்சனும் உண்டு. அறிகுறி வெளியே தெரியும்போது டோபமின் சுரக்கும் நரம்பணுக்களில் பெரும்பகுதி அழிந்திருக்கும்.

அதனால்தான் இரத்தத்தில் அடையாளம் தேடுகிறார்கள். இந்நோயில் உருமாறித் திரளும் ஆல்ஃபா-சைநியூக்ளின் என்ற புரதத்தை முதுகுத் தண்டுவட நீரில் கண்டறியும் சோதனை, 2023இல் 1,100க்கும் மேற்பட்டோரிடம் செய்த ஆய்வில் நன்கு தேறியது. ஆனால் அதற்கு முதுகில் ஊசி போட வேண்டும். அதே 2023இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எல்-டோபாவை டோபமினாக மாற்றும் நொதி இந்நோயாளிகளின் இரத்தத்தில் கூடியிருப்பதைக் கண்டனர். இதிலும் சிக்கல் உண்டு. இதைப் போன்ற வேறு சில நோய்களிலும் அது கூடுகிறது. எல்-டோபா மருந்து சாப்பிட்டாலும் கூடுகிறது. எனவே இந்த ஒன்றை மட்டும் வைத்துப் பார்கின்சன் என்று உறுதி சொல்ல முடியாது.

சென்னையில் பிரித்தெடுத்த பொருள் நோயாளிகளுக்குப் பயன்பட 30 ஆண்டுகள் ஆயின. இரத்தப் பரிசோதனைக்கும் அவ்வளவு காலம் ஆகிவிடக் கூடாது. ஏனென்றால் இந்த நோயில் இழந்த நரம்பணுக்களை எந்த மருந்தாலும் திரும்பக் கொண்டுவர முடிவதில்லை.