பொருளும் நகலும்: ஒரு நிரலாக்க வழக்கத்தின் வரலாறு

1960களில் ஆஸ்லோ நகரின் நார்வே கணினி மையத்தில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் உருவாக்கிய சிமுலா 67 மொழியில், மாறியானது பொருளைத் தன்னுள் கொள்ளாமல், நினைவகத்தில் அப்பொருள் இருக்கும் இடத்தை மட்டும் சுட்டியது. இதுவே சுட்டுவகை எனப்படும். அத்தகைய மாறியை இன்னொன்றுக்கு அளிக்கும்போது பொருள் இரட்டிக்காமல் ஒரே பொருளுக்கு இரு பெயர்கள் அமைவதால், ஒன்றின் வழியாகச் செய்த மாற்றம் மற்றொன்றிலும் தென்படும் என்பதை நிரலர் மறவாதிருக்க, மதிப்பை அளிக்க ஒரு குறியும் சுட்டை அளிக்க வேறொரு குறியும் அம்மொழியில் வகுக்கப்பட்டிருந்தன.

ஜாவா, சி ஷார்ப் போன்ற பிற்கால மொழிகள் இப்பயனுள்ள வேறுபாட்டைக் கைவிட்டு ஒரே குறியைக் கொண்டன. அவற்றில் உண்மையான நகலெடுப்பு தனிச் சிக்கலாக இருந்தது. ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் பிறந்த ஸ்மால்டாக்-80, பொருளின் புலங்களை மட்டும் படியெடுத்து உட்பொருள்களைப் பகிர்ந்துகொள்ளும் மேலோட்ட நகலையும், உட்பொருள்களையும் படியெடுக்கும் ஆழ்நகலையும் தெளிவாகப் பிரித்துத் தந்திருந்தது. ஆனால் ஜாவாவின் குளோன் செயல் இயல்பாக மேலோட்ட நகலையே அளித்தது. சி ஷார்ப் இயங்கும் டாட்நெட் தளத்தின் ஐகுளோனபிள் இடைமுகமோ எவ்வகை நகல் என்பதையே வரையறுக்கவில்லை. 2001இல் வெளியான ‘எஃபெக்டிவ் ஜாவா’ நூலில் ஜோஷுவா ப்ளாக், பழைய பொருளை ஏற்றுப் புதியதை அமைக்கும் நகல் ஆக்கியைப் பரிந்துரைத்தார். எது பகிரப்படும், எது பிரிக்கப்படும் என்பதை வகுப்பை எழுதுபவரே வெளிப்படையாக முடிவுசெய்ய வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் தெளிவான பாடமாகும்.