காம்பே சலவைக்கல்லும் ஆச்சே மீசான் கல்லும்

மலேசியாவின் தஞ்சோங் மாலிமில் 1922-ஆம் ஆண்டு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாக நிறுவப்பெற்ற கல்விக்கூடம், பேராக் சுல்தான் இதிரிசின் நாமத்தைத் தாங்கி நிற்பதை இவ்வட்டாரத்தில் அறியாதார் இலர். ஆயின் அச்சுல்தானின் மூதாதையர் சமாதிகளில் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நாட்டப்பட்ட செதுக்குக் கற்களின் பூர்வோத்தரத்தை ஆராயப் புகுவார் சிலரே.

அவ்வரலாற்றின் ஒரு முனை குஜராத்தின் காம்பே துறைமுகத்தில் இருக்கிறது. பாரசீகத்துக் காசரூன் நகரின் பெயரைத் தாங்கிய உமர் என்னும் பெருவணிகர் 1333-இல் காலமாகி அங்கே அடக்கம் செய்யப்பட்டார். டில்லி சுல்தான் முகமது பின் துக்ளக்கிடம் காம்பேயையே மானியமாகப் பெற்று, வசீர் பதவிக்கும் வாக்குப் பெற்றிருந்தார் என்றும், டில்லிக்குச் செல்லும் வழியில் கொலையுண்டார் என்றும் பயணி இபுனு பதூதா எழுதும் வணிகர் இவரே என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. பதவி கைக்கு எட்டவில்லை. பதவிக்குரிய மரியாதை மட்டும் கல்லில் கிடைத்தது. மாடத்தினுள் தொங்கும் விளக்கு, அதனைச் சூழ்ந்த கொடிகள், வரிவரியாக இழைக்கப்பட்ட அறபு எழுத்து ஆகியவற்றால் பொலியும் அவ்வெண்கல் சமாதியைப் பாரசீகக் கலை என்று மட்டும் சொல்லி நிறுத்துவது எனக்கு உடன்பாடன்று. ரசனை மேற்கிலிருந்து வந்திருக்கலாம், உளியோ குஜராத்தில் கோயில்களுக்கு உழைத்த சிற்ப மரபினருடையது.

இதே பட்டறைப் பாணியில் அமைந்த கற்கள் ஜாவாவின் கிரசிக்கில் 1419-இல் மறைந்த மாலிக் இபுராகீமுக்கும், வட சுமத்திராவின் பாசாயில் 1428-இல் மறைந்த அரசி நஹ்ராசியாவுக்கும் நிற்கின்றன. காம்பேக் கற்களோடு இவற்றை ஒப்பிட்டு உறவை 1912-இல் நிறுவியவர் டச்சு அறிஞர் மொக்கெட். பாசாயில் தமிழர் கவனிக்கத்தக்க வேறொரு கல்லும் உண்டு: 1420-இல் இறந்த நைனா ஹுசாமுத்தீன் என்பாரின் மீசான் கல்லில் (சமாதிக் கல்லில்) பாரசீகக் கவிஞர் சஅதியின் பாடல் பொறிக்கப்பட்டுள்ளது. நைனா என்பது நம் கடற்கரை முஸ்லிம்களிடையே இன்றளவும் வழங்கும் பெயராதலின், சோழமண்டலக் கரையோடு தொடர்புடைய ஒருவர் பாரசீகக் கவிதையைத் தம் சமாதிக்கு அணியாகப் பெற்றார் எனக் கொள்வது மிகையாகாது.

பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில் காம்பேக் கற்களின் வரத்துக் குன்றியது. சுமத்திராச் சிற்பிகள் உள்ளூர்க் கல்லிலேயே, தோள்களில் சிறகு விரிந்த பலகைகளையும் பட்டை தீட்டிய தூண்களையும் வடிக்கலாயினர். ‘பத்து ஆச்சே’ (ஆச்சேக் கல்) என மலாயில் வழங்கும் இவற்றை ஒத்மான் முகமது யாத்திம் 1988-இல் வெளியிட்ட நூலில் 14 வகைகளாகப் பிரித்துக் காட்டினார். 1528-இல் மலாக்கா அரசகுமாரர் முசபர் ஷா தோற்றுவித்த பேராக் அரசிலும் இக்கற்கள் இடம்பெற்றன. 1620-இல் ஆச்சேயின் இஸ்கந்தர் மூடா பேராக்கை வென்றதே இதற்குக் காரணம் என்று எளிதில் சொல்லிவிடலாம். ஆனால் 1477-இல் மறைந்த மலாக்கா மன்சூர் ஷாவின் சமாதிக் கல் அவ்வாதத்தை மறுக்கிறது. படைக்கு முந்தியே கல் வந்துவிட்டது. அதனைக் கொணர்ந்தது வணிகமும், அரசரையும் பிரபுக்களையும் ஏனையோரினின்று மரணத்திலும் பிரித்துக் காட்ட விரும்பிய மலாய் அரசவையின் அந்தஸ்து உணர்ச்சியுமே.

தஞ்சோங் மாலிமில் தமிழ் பயிலும் மாணவர்கள் பேராக் ஆற்றங்கரைச் சமாதிகளை நேரிற் கண்டு, அவற்றின் வடிவங்களைத் தமிழில் பதிவுசெய்ய முன்வர வேண்டும்.