துருத்தியும் சென்சாரும்: கம்ப்ரஸர் எண்ணெய்க்கு இரண்டு காவல்

கடற்கரை ஊர் ஒன்றில் ஐஸ் பிளான்ட் கம்ப்ரஸரைப் பிரித்துப் போட்டிருந்தோம். பெல்ட்டில் ஓடும் அமோனியா கம்ப்ரஸர். கனெக்டிங் ராடின் கீழ்முனை பேரிங் ஷெல்லைத் துடைத்துப் பார்த்தேன். ஒயிட் மெட்டல், மெழுகு வழிந்து உறைந்ததுபோல ஓரத்தில் திரண்டு நின்றது. ஆயில் ஸ்ட்ரெய்னரில் வலைக்கண் ஒன்றுகூடத் தெரியவில்லை. கறுப்புச் சகதி அப்பிக் கிடந்தது. இரவு டியூட்டி பார்த்த பையன் பக்கத்திலேயே நின்றான்.

"ஓ.பி. சுவிட்ச் சும்மா சும்மா ட்ரிப் ஆச்சுண்ணே. ஆறு தடவை ரீசெட் பண்ணேன். ஏழாவது தடவை சத்தம் வந்துருச்சு."

"பிரஷர் பாத்தியாப்பா?"

"பாத்தேண்ணே, முப்பது காட்டுச்சு. நல்லாத்தானே இருக்குன்னு நெனச்சேன்."

அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்த முப்பதைச் சரியாகப் படிக்க அவனுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. எண்ணெய் அழுத்தம் என்பது ஒரு கழித்தல் கணக்கு. பம்ப் எண்ணெயை உறிஞ்சுவது கிராங்க்கேஸிலிருந்து. அந்தக் கிராங்க்கேஸுக்குள் சக்‌ஷன் அழுத்தம் ஏற்கெனவே இருக்கிறது. அன்று சக்‌ஷன் 25 பி.எஸ்.ஐ. இருந்திருக்கிறது. ஆயில் கேஜில் 30 காட்டினாலும் பேரிங்குக்குள் எண்ணெயைத் தள்ள மிஞ்சியது வெறும் 5. இதற்கு நேர்மாறாக, குறைந்த வெப்பநிலைக்கு ஓடும் ஃப்ரீசர் கம்ப்ரஸரில் சக்‌ஷன் வாக்குவத்தில் நிற்கும்போது ஆயில் கேஜில் 20 காட்டினால் போதும், நிகர அழுத்தம் 20-ஐத் தாண்டியிருக்கும். இந்தக் கழித்தலை ஆள் தூங்கும்போதும் விடாமல் போட்டுக்கொண்டிருப்பதற்குத்தான் ஆயில் பிரஷர் சேஃப்டி சுவிட்ச், பையன் சொன்ன ஓ.பி. சுவிட்ச். பம்ப் வைத்து அழுத்தத்தோடு எண்ணெய் ஓட்டும் கம்ப்ரஸர்களுக்கே இது உண்டு. வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கும் சீல் செய்த சின்னக் கம்ப்ரஸருக்கு இது கிடையாது.

இன்று நாம் கையாளும் சுவிட்சுகள் இரண்டு வகை. இரண்டு துருத்திகளும் ஒரு ஹீட்டரும் கொண்ட பழைய மெக்கானிக்கல் வகை ஒன்று. பம்ப் உடம்பிலேயே சென்சாரை முறுக்கிப் பொருத்தும் எலெக்ட்ரானிக் வகை இன்னொன்று. எது புதுசு, எது பழசு என்று பார்த்து முடிவு செய்கிறவர்கள் அதிகம். நான் பார்ப்பது வேறு: ஒவ்வொன்றும் பழுதாகும்போது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை.

துருத்தி வகையைத் திறந்து பார்த்தவருக்கு அதன் வேலை ஒரே பார்வையில் பிடிபட்டுவிடும். எதிரும் புதிருமாக இரண்டு துருத்திகள். ஒன்றுக்கு ஆயில் பம்பின் வெளியேற்றத்திலிருந்து மெல்லிய குழாய் வருகிறது, மற்றதற்குக் கிராங்க்கேஸிலிருந்து. நடுவில் நெம்புகோலும் ஸ்பிரிங்கும். இரண்டு துருத்திகளும் ஒன்றையொன்று தள்ளுவதுதான் கழித்தல். கம்ப்ரஸர் புறப்படும்போது எண்ணெய் அழுத்தம் இருக்காது. அப்போது உள்ளே ஒரு காண்டாக்ட் மூடியிருக்கும், ஹீட்டர் சுடும். அழுத்தம் ஏறியதும் காண்டாக்ட் திறந்து ஹீட்டர் அணையும். ஏறாவிட்டால் சூடு பைமெட்டல் தகட்டை வளைத்து, கண்ட்ரோல் லைனை அறுத்துவிடும். பட்டன் வெளியே தள்ளி நிற்கும். கோப்லேண்ட் கம்ப்ரஸர்களில் நிகர அழுத்தம் ஏறக்குறைய 9 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போய் 120 வினாடி அப்படியே நீடித்தால் ட்ரிப். டான்ஃபாஸின் எம்.பி. 54 வகையில் எல்லை 0.65 பார். அதுவும் கிட்டத்தட்ட அதே அளவுதான். எம்.பி. 55 வகையில் 0.3 முதல் 4.5 பார் வரை நாமே வைத்துக்கொள்ளலாம்.

அந்த 120 வினாடி எதற்கு என்று பலர் கேட்பதுண்டு. நின்றிருந்த கம்ப்ரஸருக்குள் ஃப்ரீயான் போய் எண்ணெயோடு கலந்துகொள்ளும். புறப்பட்டவுடன் கிராங்க்கேஸ் அழுத்தம் சட்டென்று இறங்க, கலந்த ஃப்ரீயான் கொதித்தெழுந்து எண்ணெயை நுரையாக்கிவிடும். சைட் கிளாஸில் பால் பொங்குவதுபோலத் தெரியும். பம்ப் நுரையை உறிஞ்சித் திணறும். எண்ணெய் தெளிந்து பம்ப் பிடித்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் வேண்டும். கம்ப்ரஸர் தாங்கக்கூடிய நேரத்தின் மேல்வரம்பு அந்த இரண்டு நிமிடம். ரீசெட் ஒவ்வொன்றும் அந்த வரம்பை இன்னொரு முறை செலவழிக்கிறது.

துருத்தி வகையின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. அதன் கடிகாரம் ஒரு ஹீட்டர். ஹீட்டரின் சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டுக்கு வைத்த ஹீட்டருக்கு 190 வோல்ட் வந்தால் சூடு 68 சதவீதம்தான் கிடைக்கும். இரண்டு நிமிடம் மூன்றை நெருங்கிவிடும். சாயங்காலம் லைட் போடும் நேரத்தில் வோல்டேஜ் சரியும் ஊர்களில் இது ஏட்டுக் கணக்காக நின்றுவிடுவதில்லை. அந்தப் பிளான்ட்டின் பழைய சுவிட்சை 190 வோல்ட்டில் நானே ஓட்டிப் பார்த்தேன். 2 நிமிடம் 50 வினாடி எடுத்தது. பையன் செய்த ஆறு ரீசெட்டையும் கணக்குப் போட்டால், இடையிடையே தகட்டில் சூடு மிச்சமிருந்து கொஞ்சம் சீக்கிரம் ட்ரிப் ஆனதைக் கழித்தாலும், பத்து நிமிடத்துக்கு மேல் அந்த பேரிங் காய்ந்தே ஓடியிருக்கிறது.

எலெக்ட்ரானிக் வகையில் இந்தக் கவலை இல்லை. நேரத்தை எண்ணுவது மின்சுற்று. வோல்டேஜ் வேலை செய்யும் வரம்புக்குள் இருக்கும்வரை 120 என்றால் 120-ஐ ஒட்டியே நிற்கும். ஆனால் அதன் உண்மையான லாபமாக நான் நினைப்பது வேறொன்றை: குழாய் இல்லாமல் போனது. கோப்லேண்டின் சென்ட்ரானிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சென்சார் பம்ப் ஹவுஸிங்கிலேயே முறுக்கி உட்கார்ந்திருக்கிறது. பம்ப் அழுத்தமும் கிராங்க்கேஸ் அழுத்தமும் உள்ளேயே அதைத் தொடுகின்றன. வெளியே வருவது ஒயர் மட்டும்.

துருத்திக்குப் போகும் அந்த மெல்லிய குழாய் எத்தனை தொல்லை கொடுக்கும் என்பது அதோடு மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் தெரியும். அதிர்வில் பிரேமோடு உரசி உரசி ஓட்டை விழும். ஃப்ளேர் நட் கசியும். இரவோடு இரவாக எண்ணெயும் கேஸும் போய்விடும். இவையாவது கண்ணுக்குத் தெரிகிற பழுது. எண்ணெய்ப் பக்கக் குழாய் சகதியில் அடைத்துக்கொள்வதுதான் பயங்கரமானது. கம்ப்ரஸர் நன்றாக ஓடியபோது ஏறிய அழுத்தம் துருத்திக்குள்ளேயே சிறைப்பட்டுவிடும். அதன்பிறகு பம்ப் செத்தாலும் துருத்திக்குத் தெரியாது. ஹீட்டர் கருகிப்போனாலும் இதே கதைதான். இந்தச் சுவிட்சுகள் பலவற்றில் 110-க்கு ஒன்று, 220-க்கு ஒன்று என ஹீட்டர் டெர்மினல் இரண்டு இருக்கும். அவசரத்தில் 220-ஐ 110-இல் கொடுத்தால் ஹீட்டர் எரிந்துவிடும். கம்ப்ரஸர் வழக்கம்போல ஓடும், பட்டன் வழக்கம்போல உள்ளேயே இருக்கும். காவல்காரன் இறந்துவிட்ட சேதி யாருக்கும் போய்ச்சேராது.

சென்ட்ரானிக்கின் சென்சார் ஒயர் அறுந்தால் மாட்யூல் அதை அழுத்தம் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறது, இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறது. தொல்லை என்னவோ உண்மைதான், ஆனால் பேரிங்கைக் காக்கும் தொல்லை. அதே இரண்டு ஒயரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அழுத்தம் இருப்பதாக ஏமாந்துபோகும். ஆகவே அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஆனாலும் பழுதாகும்போது நிறுத்துகிற பக்கம் சாய்வதை அதிகம் காண்பது எலெக்ட்ரானிக் வகையில்தான். ஃப்ரீயானில் ஓடும் செமி ஹெர்மெட்டிக் கம்ப்ரஸருக்குச் சென்சார் பொருத்தும் துளை இருக்குமானால் நான் யோசிக்காமல் எலெக்ட்ரானிக்கையே சொல்வேன்.

அமோனியாவுக்கு வந்தால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஈரம் சேர்ந்த அமோனியா செம்பை அரித்துவிடும் என்பதால் இங்கே குழாய் முதல் இணைப்பு வரை எஃகுதான். டான்ஃபாஸ் இதற்கென்றே எம்.பி. 55ஏ என்று தனி மாடல் வைத்திருக்கிறது. எஃகுக் குழாயை நல்ல கிளாம்ப் போட்டு நிறுத்தினால் செம்பைப்போல எளிதில் உரசித் தேயாது. நம் ஐஸ் பிளான்ட்டுகளில் வருடக்கணக்காக ஓடும் பல பழைய கம்ப்ரஸர்களில் சென்சாருக்கான துளையே கிடையாது. இதற்கெல்லாம் மேலாக எனக்குப் பெரிதாகப் படுவது, துருத்தி வகையை அங்கே இருக்கிற ஆளே சோதித்துவிடலாம் என்பது. மோட்டாருக்குப் போகும் பவரை மட்டும் ஐசொலேட்டரில் நிறுத்திப் பூட்ட வேண்டும். கண்ட்ரோல் லைனை மட்டும் உயிரோடு வைக்க வேண்டும். காண்டாக்டர் டக்கென்று இழுக்கும், மோட்டார் ஓடாது, எண்ணெய் அழுத்தம் சுழி. கையில் செல்போன் ஸ்டாப்வாட்ச். ஹீட்டர் சூடாகும் லேசான மணம் வரும். டிக் என்ற சத்தத்தோடு பட்டன் வெளியே வரும். கம்ப்ரஸர் ஒரு சுற்றுகூடச் சுற்றாமல் சோதனை முடிந்துவிடும். நேரம் எவ்வளவு என்பது கண்ணெதிரே தெரியும். எலெக்ட்ரானிக்கிலும் சென்சார் ஒயரைக் கழற்றிவைத்து இதைச் செய்யலாம். ஆனால் அது மாட்யூலின் கடிகாரத்தைச் சோதிக்கிறதே தவிர, சென்சார் உண்மையாக அழுத்தத்தை உணர்கிறதா என்பதைச் சொல்லாது.

இரண்டுக்கும் பொதுவான ஒரு சிக்கல் ஒயரிங்கில் வருகிறது. மோட்டாருக்குள்ளேயே ஓவர்லோட் இருக்கும் சில கம்ப்ரஸர்களில், அது சூட்டில் திறந்து மோட்டாரை நிறுத்தும்போதும் காண்டாக்டர் விழாது. கம்ப்ரஸர் ஓடுவதாகவே ஆயில் சுவிட்ச் நினைத்துக்கொண்டு, அழுத்தம் இல்லையே என்று ட்ரிப் ஆகிவிடும். பார்ப்பவர் பம்ப் கெட்டுவிட்டதென்று பம்பைப் பிரிப்பார். பம்ப் குற்றமற்றது. மோட்டாரில் கரண்ட் ஓடும்போது மட்டும் நேரத்தை எண்ணச் செய்யும் கரண்ட் சென்சிங் ரிலேயைச் சேர்த்தால் இந்தப் பொய்ப் புகார் ஒழியும்.

பொய்யாக ட்ரிப் ஆகும் சுவிட்சுக்கு நடப்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான்: டைரக்ட் போட்டுவிடுவார்கள். டெர்மினல் இரண்டுக்கும் நடுவே ஒரு துண்டு ஒயர். மூடியை மூடிவிட்டால் வெளியே தெரியாது. மீன் வந்து குவிந்திருக்கும் நேரம், ஐஸ் வேண்டும் என்று முதலாளி நிற்கும் நேரம், அந்த ஒயரைப் போட்ட கையை என்னால் முழுதாகக் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் அதைக் கழற்றாமல் விட்டுப் போகிறவரை மன்னிக்கவும் முடியவில்லை. எலெக்ட்ரானிக்கில் ஒயர் போடும் இடம்தான் வேறு, வேலை அதேதான்.

துருத்தி வகையில் பைமெட்டல் ஆறும்வரை ரீசெட் பிடிக்காது, சில நிமிடம் காத்திருந்தே ஆக வேண்டும். இதைக் குறை என்கிறார்கள். நான் அதை வரமாகவே நினைக்கிறேன். அந்த நேரத்தில் சைட் கிளாஸில் எண்ணெய் மட்டத்தைப் பார்க்கலாம். கிராங்க்கேஸைக் கையால் தொட்டு, சில்லென்று இருந்தால் திரவம் திரும்பி வருகிறது என்று ஊகிக்கலாம். இரண்டு கேஜையும் கழித்துப் பார்க்கலாம். எலெக்ட்ரானிக்கில் ஆற வேண்டிய தகடு இல்லை. அந்தச் சில நிமிடங்களை ஆபரேட்டர்தான் தன் கட்டுப்பாட்டில் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

அந்த ஐஸ் பிளான்ட்டுக்குப் புது ஷெல், புது ஸ்ட்ரெய்னர், எஃகுக் குழாயோடு புதுத் துருத்தி சுவிட்ச் போட்டோம். வோல்டேஜ் நிலையாக இருக்க கண்ட்ரோல் லைனுக்குத் தனி ஸ்டெபிலைசர் வைத்தோம். ஸ்டாப்வாட்சைப் பையன் கையிலேயே கொடுத்தேன். பட்டன் வெளியே வந்ததும் பேனல் கதவின் உட்புறத்தில் தேதி போட்டு, மார்க்கரில் எழுதினான்: 1 நிமிடம் 58 வினாடி. போன மாதம் போனபோது அதன் கீழே இன்னும் நாலு வரி ஏறியிருந்தது. எல்லாம் அவன் கையெழுத்து.