வரிக்குதிரைச் செடி

வரிக்குதிரைச் செடி தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தைத் தாயகமாகக் கொண்ட, சதைப்பற்றான இலைகளுடைய சிறு செடி. அறிவியல் பெயர் ஹவோர்த்தியாப்சிஸ் அட்டெனுவாட்டா. சோற்றுக்கற்றாழை அடங்கிய அஸ்போடெலேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. நர்சரிகளில் ‘சக்குலன்ட்’ என்ற பொதுப்பெயரில் விற்கப்படும் செடிகளுள் பரவலாகக் கிடைப்பது. பெயர் தெரியாமலே வீட்டுக்கு வந்துசேர்வதும் இதுதான்.

இப்படி வந்த செடியை அடையாளம் காண நிறத்தை நம்பக் கூடாது. ஒரே செடி கடும் வெயிலில் செம்பழுப்பாகும், நிழலில் வெளிறும். முதலில் பாலைப் பார்க்க வேண்டும். இலையோரத்தில் லேசாகக் கீறும்போது வெண்பால் வடிந்தால் அது யூஃபோர்பியா, அதாவது வேலிகளில் வளரும் திருகுக்கள்ளி அடங்கிய பேரினம். அந்தப் பால் கண்ணில் பட்டால் கடுமையான பாதிப்பு வரும்; கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது அவசியம். பால் இல்லாமல், பஞ்சு போன்ற சிறு திட்டுகளிலிருந்து முட்கள் கிளம்பினால் அது கள்ளிக் குடும்பம். இலையோரம் நெடுகப் பற்கள் இருந்தால் பெரும்பாலும் கற்றாழை. பற்களோடு இலை நுனியில் கூரிய முள்ளும் நின்றால் ஆனைக்கற்றாழை போன்ற அகேவ் வகை.

வரிக்குதிரைச் செடியில் இவை எதுவும் இல்லை. தண்டு தெரியாமல், விரல் நீள இலைகள் கூம்பி நெருக்கமாக அடுக்கியிருக்கும். வெள்ளை வரிகள் என்று தோன்றுபவை உண்மையில் வரிசையாக இணைந்த சிறு பருக்கள். நகத்தால் வருடினால் தட்டுப்படும். இதன் நெருங்கிய உறவான ஹவோர்த்தியாப்சிஸ் ஃபேசியாட்டாவில் இலையின் உட்புறம் வழவழப்பாக இருக்கும், பருக்கள் வெளிப்புறத்தில் மட்டுமே. அட்டெனுவாட்டாவில் இருபுறமும் உண்டு. ஃபேசியாட்டா என்ற சீட்டுடன் விற்கப்படும் செடிகளில் பெரும்பாலானவை அட்டெனுவாட்டாதான். கற்றாழையோ என்ற சந்தேகத்தை முழுதாகத் தீர்ப்பது பூ. மெல்லிய நீண்ட காம்பில், இரண்டு உதடுகளாகப் பிரிந்த சிறு வெண்பூக்கள் வந்தால் வரிக்குதிரைச் செடியின் கூட்டம். கற்றாழையின் பூக்கள் பெரும்பாலும் செம்மஞ்சள், சிவப்பு, மஞ்சள் நிறக் குழல்கள்.

ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஏட்ரியன் ஹார்டி ஹவொர்த் 1804இல் இதைக் கற்றாழைப் பேரினத்தில் வைத்து விவரித்தார். 1809இல் ஆன்றி துவால் ஹவொர்த்தின் பெயரால் ஹவோர்த்தியா பேரினத்தை ஏற்படுத்தினார்; இச்செடியும் பின்னர் அதில் சேர்க்கப்பட்டது. அப்பேரினத்தின் இனங்கள் எல்லாம் ஒரே கிளையைச் சேர்ந்தவை அல்ல என்று மரபணு ஆய்வுகள் காட்டியதை அடுத்து, 2013இல் கோர்டன் ரௌலி ஹவோர்த்தியாப்சிஸைத் தனியே பிரித்தார். சீட்டில் பழைய பேரினப் பெயர் இருந்தாலும் செடி ஒன்றுதான்.

வளரும் இடம் தெரிந்தால் வளர்ப்பு முறையும் விளங்கும். தாயகத்தில் இது புதர்களின் நிழலில், நீர் தங்காத மண்ணில் வாழ்கிறது. ஆகவே வெளிச்சமான ஜன்னலோரம் போதும். உச்சி வெயில் வேண்டாம். இலைகள் விரிந்து நீண்டு வெளிறினால் வெளிச்சம் போதவில்லை. தொட்டிக் கலவையில் பாதியாவது பருமணலோ பெர்லைட்டோ இருக்கட்டும். அடியில் துளை கட்டாயம். இதன் இலைத்துளைகள் பகலில் மூடியிருந்து இரவில் திறப்பதால் நீரிழப்பு மிகக் குறைவு. தொட்டியின் அடிமண்வரை காய்ந்த பிறகே, துளை வழியே வடியும்படி நீர் விட வேண்டும். அடைமழைக் காலத்தில் கூரைக்கடியில் வைப்பது நல்லது.

வீட்டில் வளரும் செடிகள் வாடலைவிட அழுகலால்தான் அதிகம் சாகின்றன. அடி இலைகள் கண்ணாடி போலாகி மெத்தென்றானால் உடனே பிடுங்கி, கறுத்த வேர்களை நீக்கி, வெட்டுக்காயம் காயச் சில நாள் நிழலில் வைத்து, உலர்ந்த புதுக்கலவையில் நட்டால் பெரும்பாலும் பிழைக்கும். இலையிடுக்கில் வெண்பஞ்சாகத் தெரியும் மாவுப்பூச்சியை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைக்கலாம். அகேவ் வகைகள் போலப் பூத்த பின் இது மடிவதில்லை. அடியில் விடும் பக்கக்கன்றுகளை வேரோடு பிரித்து நடலாம். நாய், பூனைகளுக்கு இது நஞ்சல்ல. கற்றாழை அவற்றுக்கு ஆகாது.