கணினியில் ஓடும் டிவிடி, பிளேயரில் ஓடாதது ஏன்?

வீட்டில் பதிவு செய்த திருமண வீடியோ கணினியில் தடையின்றி ஓடுகிறது. தொலைக்காட்சியுடன் இணைந்த டிவிடி பிளேயரில் இட்டால் 'வட்டு இல்லை' என்ற அறிவிப்பே தோன்றுகிறது. உடனே பிளேயரைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்கள் பலர். ஆனால், கோளாறு பெரும்பாலும் வட்டு தயாரிக்கப்பட்ட விதத்திலேயே இருக்கிறது.

முதலில் வட்டைக் கணினியில் திறந்து பார்க்க வேண்டும். உள்ளே எம்பி4 கோப்பு மட்டும் இருந்தால் அது வெறும் தரவு வட்டு. கோப்பைக் கணினியின் மென்பொருள் புரிந்துகொள்ளும். பழைய பிளேயர் புரிந்துகொள்ளாது. அதற்கு 'வீடியோ_டிஎஸ்' என்ற கோப்புறையும், அதனுள் ஐஎஃப்ஓ, பியூபி, விஓபி கோப்புகளும் தேவை. படம் எம்பெக்-2 முறையில் இருக்க வேண்டும். எனவே கோப்பை அப்படியே நகலெடுக்காமல், டிவிடி உருவாக்கும் மென்பொருள் மூலம் மாற்றிய பிறகே பதிய வேண்டும்.

கோப்புறை சரியாக இருந்தும் ஓடவில்லையெனில், பதிவு நிறைவு செய்யப்பட்டதா என்று பார்க்க வேண்டும். 'ஃபைனலைஸ்' எனப்படும் இந்த இறுதிக் கட்டத்தைத் தவிர்த்த வட்டை, பதிந்த கருவியைத் தவிரப் பிற பிளேயர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. கேம்கார்டரில் நேரடியாகப் பதிந்த 8 செ.மீ. வட்டுகளில் இக்குறை அடிக்கடி காணப்படுகிறது. அக்கருவி இன்னும் இயங்கினால், அதன் பட்டியலிலேயே இப்பணியை முடித்துவிடலாம். இச்சிறு வட்டுகளைத் தட்டு இல்லாமல் உள்ளிழுக்கும் பிளேயர்களில் இடுவது கூடாது, சிக்கிக்கொள்ளும்.

இந்தியாவில் வழக்கிலுள்ள பால் முறையில் விநாடிக்கு 25 சட்டகங்கள். அமெரிக்காவின் என்டிஎஸ்சி முறையில் ஏறத்தாழ 30. இங்குள்ள பிளேயர்கள் பல இரண்டையும் ஏற்கும். அமெரிக்காவில் உள்ள உறவினருக்கு அனுப்பும் வட்டு அங்கு ஓடாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். மண்டலக் குறியீட்டைப் பலரும் குறைகூறுவதுண்டு; வீட்டில் தயாரித்த வட்டுகளில் பொதுவாக அது இடம்பெறுவதில்லை.

கடையில் வாங்கிய திரைப்பட வட்டு ஓடுவதாலேயே பிளேயரின் லென்ஸ் நலமாக இருப்பதாகக் கொள்ள முடியாது. அச்சிட்ட வட்டைவிட, சாயப் படலத்தில் பதிந்த வட்டு ஒளியைக் குறைவாகவே பிரதிபலிக்கும்; மீண்டும் எழுதத்தக்க ஆர்டபிள்யூ வட்டு இன்னும் குறைவு. தேய்ந்த லேசர் இங்கேதான் தடுமாறுகிறது. டிவிடி-ஆர் வட்டில், அதிகபட்ச வேகத்தைத் தவிர்த்து 4 அல்லது 8 மடங்கு வேகத்தில் பதிவது நல்லது.

தொடக்கம் நன்றாக ஓடி இறுதியில் உறைந்தால், வட்டின் வெளி விளிம்பைச் சோதிக்க வேண்டும். வாசிப்பு உள்ளிருந்து வெளியே செல்வதால், விரல் ரேகையும் கீறலும் முடிவில் தொல்லை தருகின்றன. மென்துணியால் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும்; வட்டமாகத் தேய்க்கக் கூடாது. காகித லேபிள் ஒட்டிய வட்டு சமநிலை இழந்து அதிரக்கூடும்.

எந்தச் சோதனைக்கும் முன்பாக ஒன்றைச் செய்வது அவசியம். கணினி இன்னும் படிக்கும் நிலையிலேயே முழு வட்டையும் ஐஎஸ்ஓ கோப்பாக வன்தட்டில் சேமித்துவிட வேண்டும். சாயப் படலம் வெப்பத்திலும் வெயிலிலும் மங்கும். பிளேயர் இன்று படிக்க மறுக்கும் வட்டைக் கணினியும் சில ஆண்டுகளில் மறுக்கக்கூடும். மாற்றுப் பிரதி இல்லாத திருமண வீடியோ அத்துடன் போய்விடும்.